மஞ்சள் போர்டு வண்டிக்கு உள்ளே இடமில்லை

எங்கள் அபார்ட்மெண்டில் யாருக்கும் பெயர் கிடையாது. கதவு எண்தான் பெயர். நான் ஜி டூ, என் மனைவி ஜி டூ மேடம். அசோசியேஷன் செகரெட்டரி த்ரீ ஏ. ஏதோ அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். பிரசிடென்ட் ஒன் சி. இந்த இடம் வயலாக இருந்தபோது இதற்குச் சொந்தக்காரர். நிலத்தை பில்டரிடம் கொடுத்துவிட்டுப் பங்குக்கு ஆறு வீடு வாங்கிக்கொண்டவர். குடிவந்த புதிதில் லிஃப்ட் வாசலில் ஒருவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். மறுநாள் காலையில் அவரே, "என்ன ஜி டூ, மோட்டார் ஓடுதா?" என்றார். மோட்டார் ரூம் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம். அதனால்தான் இந்த வீடு எங்களுக்கு விலை படிந்தது.

நான் ஓர் இடத்தில் நிற்காதவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு பம்மலில் தோல் பதனிடும் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தேன். காலில் புண் ஆறவே இல்லை, விட்டுவிட்டேன். குரோம்பேட்டையில் டீக்கடையில் பஜ்ஜி மாஸ்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் நீச்சல் குளம் சுத்தம் செய்பவன். சிறுசேரியில் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பியபோது கம்பி கட்டினேன். ராத்தங்கல் தகரக் கொட்டகையில். கல்யாணத்துக்குப் பிறகு மட்டும் பதினேழு வாடகை வீடு. வீட்டுக்காரர் முகம் பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்தில் வேறு இடம் பார்த்துவிடுவேன். மொத்தக் குடித்தனமும் ஒரு வண்டிக்குள் அடங்கும்.

என் மனைவி ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். அவள்தான் கடன் வாங்கி, சீட்டு எடுத்து, தாம்பரத்துக்குக் கிழக்கே இந்த வீட்டை வாங்கினாள். பத்திரம் முடிந்த அன்று சொன்னாள்: "இதான் கடைசி. இனிமே பாத்திரத்த மூட்டை கட்டச் சொன்னா, உன்னையும் சேத்துக் கட்டி வெளிய வெச்சுடுவேன்."

இப்போது என்னோடு மார்க்கெட்டில் லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் வீடு வாங்கப்போகும்போது என்னிடம் கேட்கிறார்கள்: அசோசியேஷன் இருக்கிற இடமா, தனி வீடா, எது நல்லது? நான் ஒரே பதிலைச் சொன்னதில்லை. அது அன்றைக்குக் காலையில் நோட்டீஸ் போர்டில் என்ன ஒட்டியிருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் தண்ணீரில் இருந்து தொடங்கவேண்டும். பம்மலில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குழாய். குடம் வைத்த வரிசை கலைந்தது என்று ஒரு பெண் இன்னொருத்தியின் தலைமுடியைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே மே மாதத்திலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. யாரோ ஒருவர் டேங்கர்காரருக்குப் போன் செய்து, சண்டை போட்டு, லாரி வரும்வரை கேட்டில் நிற்கிறார். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் த்ரீ ஏ. ஒரு மழைக்குத் தெருத் தண்ணீர் உள்ளே புகுந்தபோது, தரைத்தளத்து நான்கு வீட்டுச் சாமான்களையும் மாடிப்படியில் ஏற்றினார்கள். எங்கள் கிரைண்டரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கிப்போனவரும் அவரே. இதை நான் மறக்கவில்லை. மறக்கமுடியாததால்தான் அவர்மேல் எனக்கு இரட்டிப்பு எரிச்சல்.

ஏனென்றால் கிரைண்டரைத் தூக்கிய அதே மனிதர், அடுத்த வாரம், பால்கனிக் கம்பியில் நனைந்த பாயைக் காயப்போட்டதற்காக எங்களுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார். வீடு முழுக்க நனைந்திருந்தது அவருக்குத் தெரியும். அவர்தான் சாமானைத் தூக்கியவர். "தெரியும் ஜி டூ. ஆனா ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கே" என்றார். கேஸ் சிலிண்டரை லிஃப்டில் ஏற்றக்கூடாது. விருந்தாளி கேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். என் மாமனார் மூன்று முறை போட்டுவிட்டு நான்காவது முறை வரவில்லை. மொட்டை மாடியில் உட்காரக்கூடாது, நிற்கலாம். இதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போகக்கூடியவை.

வண்டி அப்படி இல்லை. அது எங்கள் சோறு.

என்னிடம் இருப்பது குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. விடிவதற்கு முன் தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை ஏற்றினால், பள்ளிக்கரணை, மேடவாக்கம் கடைகளில் இறக்கிவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவேன். வீட்டோடு சேர்த்துப் பத்திரத்திலேயே எங்களுக்கு ஒரு பார்க்கிங் எழுதியிருக்கிறது: பதினேழாம் நம்பர், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, மேலே கூரை இல்லாத இடம். அங்கே நிற்கும் பெரிய கார்களைவிட என் வண்டி நீளம் குறைவு. ஆனால் நம்பர் பிளேட் மஞ்சள். வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கெல்லாம் மஞ்சள்தானே. அசோசியேஷன் பைலாவில், அதாவது சட்டதிட்டப் புத்தகத்தில், மஞ்சள் போர்டு வண்டி உள்ளே நிற்கக்கூடாது என்று இருக்கிறதாம். வீடு வாங்கும்போது நான் அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நாற்பது பக்கம் இங்கிலீஷ். கையெழுத்துப் போடு என்று விரலால் காட்டிய இடத்தில் போட்டேன்.

முதலில் வண்டியைத் தெருவில் நிறுத்தினேன். மழைநீர் வடிகாலுக்கு என்று தெருவைத் தோண்டியதில் அந்த இடமும் போயிற்று. பிறகு ஏரிக்கரைப் பக்கம், நடந்தால் பதினைந்து நிமிஷம். அங்கே ஆறு மாதத்தில் இரண்டு பேட்டரி திருட்டுப் போனது. பேட்டரி இல்லாத அன்று லோடு இல்லை. லோடு எடுக்காத அன்று கடைக்காரர் வேறு வண்டியைப் பிடித்துக்கொள்கிறார். மறுநாள் போனால், "நேத்து வரலியே நீ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இரண்டாவது பேட்டரி போன அன்று மனைவியிடம் சொன்னேன், "வித்துட்டுப் போயிடலாம். கூடுவாஞ்சேரி தாண்டி தனி வீடா பாத்துக்கலாம். வாசல்ல வண்டிய நிறுத்தினா எவனும் கேக்கமாட்டான்."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீ போ. வண்டியையும் எடுத்துக்கினு போ. நான் வரல."

"மூணாவதும் போச்சுன்னா?"

"அப்பவும் நான் வரல."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆக, ஒன்று அந்தப் பதினேழாம் நம்பர் எனக்குக் கிடைக்கவேண்டும். இல்லையென்றால் வண்டி, வீடு இரண்டில் ஒன்றை, ஒருவேளை அவளையே, நான் விடவேண்டும்.

ஜெனரல் பாடி மீட்டிங்கில் கேட்கலாமே என்பீர்கள். மூன்று வருஷமாகக் கேட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மாலை, கார் நிறுத்தும் இடத்துத் தூண்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கும். முதலில் கணக்கு, அப்புறம் பஜ்ஜி காபி, அப்புறம் லிஃப்ட், பெயிண்ட், கடைசியில் "இதர விஷயங்கள்". என் விஷயம் மூன்று வருஷமும் இதர. நாற்பத்திரண்டு வீட்டில் பதினான்கு பேராவது உட்கார்ந்திருந்தால்தான் ஓட்டெடுப்பு செல்லும். அதற்குக் கோரம் என்று பெயர். கணக்கு வாசிக்கும்போது முப்பது பேர் இருப்பார்கள். பஜ்ஜித் தட்டு காலியானதும் ஒருவருக்கு போன் வரும், ஒருவருக்குப் பேரனை டியூஷனில் இருந்து கூட்டிவரவேண்டும், ஒருவர் சொல்லாமலே எழுந்து போவார். இதர விஷயம் வரும்போது நானும் பிரசிடென்ட்டும் த்ரீ ஏ-வும் எச்சில் தட்டுகளும் இருப்போம். "கோரம் இல்ல ஜி டூ. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று த்ரீ ஏ நோட்டை மூடுவார். படித்தவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் ஐம்பது பேரை மேய்ப்பவர்கள், காலேஜில் பாடம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். பஜ்ஜியை எப்போது கொடுத்தால் மீட்டிங் நடக்கும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இந்த வருஷம் நான் த்ரீ ஏ-வின் வீட்டுக் கதவைத் தட்டி, பைலா ஒரு காப்பி வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"படிக்க சார்."

"பைலாவையா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லையாம்.

மார்க்கெட்டில் லோடு ஏறும்வரை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் போர்டுகளில் இருந்து வந்தது. ஒன்பது நாளில் இருபத்தேழு பக்கம் போனேன். இருபத்தெட்டாவது பக்கத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள் வரிசையாக வந்தன. பூல். குளோரின். ஷவர். ரிசார்ட்டில் இரண்டு வருஷம் தினமும் பார்த்த போர்டு. இருந்தாலும் சந்தேகம். ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருந்தவரிடம் நீட்டினேன்.

"இன்னா எழுதிக்கீது பாருங்கண்ணா."

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "நீச்சல் குளத்துல தொப்பி போட்டுக்கினுதான் எறங்கணுமாம். வூட்ல ஸ்விம்மிங் பூலாண்ணா? பெரிய ஆளா கீறியே! ஜெராக்ஸுக்கு சில்லறை கேக்குற!"

"மஞ்ச போர்டு பத்தி எங்க கீது?"

பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தார். டவர் ஏ முதல் டவர் எஃப் வரை, கம்பெனி ஆட்களை ஏற்றிப்போக வரும் மஞ்சள் போர்டு கார்கள் உள்ளே நின்று காத்திருக்கக்கூடாது, கேட்டுக்கு வெளியே காத்திருக்கவேண்டும் என்று இருந்தது.

எங்களுக்கு இருப்பது ஒரே கட்டடம். டவர் என்றால் பக்கத்து மொட்டை மாடியில் நிற்கும் செல்போன் டவர்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேட்டரி நினைவுக்கு வந்தது.

வழக்கமாக பஜ்ஜி போடுபவர் அந்த வாரம் சபரிமலைக்கு மாலை போட்டுக் கிளம்பிவிட்டார். நான் போடுகிறேன் என்று சொன்னேன். த்ரீ ஏ-வுக்குச் சந்தோஷம். "நல்ல விஷயம் ஜி டூ. இதுதான் கம்யூனிட்டி லிவிங்."

ஞாயிற்றுக்கிழமை, சரியாகப் பதினேழாம் நம்பர் இடத்தில் அடுப்பை வைத்தேன். என் மனைவி வாழைக்காய் சீவினாள். கணக்கு வாசித்து முடித்ததும் த்ரீ ஏ திரும்பினார். "ஜி டூ, ரெடியா?"

"எண்ணெ காயல சார்."

லிஃப்ட் விஷயம் முடிந்தது. "இப்போ?"

"மாவு ஊறணும் சார்."

டூ டி மேடம் நாற்காலியில் இருந்தே சத்தமாகச் சொன்னார், "பஜ்ஜி மாவு எங்கயாவது ஊறுமா? இட்லிக்கா போட்டிருக்கீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. முதல் நாலு பஜ்ஜியை வேண்டுமென்றே பொரித்து, வாசனை வரட்டும் என்று தட்டில் வைத்துவிட்டு, தீயைக் குறைத்திருந்தேன். பெயிண்ட் விஷயம் நான் பார்த்திராத வேகத்தில் முடிந்தது.

"இதர விஷயங்கள்" என்றார் த்ரீ ஏ. நாற்காலிகளில் இருபத்தாறு பேர்.

கையைத் துடைத்துக்கொண்டு ஜெராக்ஸோடு போய் நின்றேன். "சார், ரூல் நாப்பத்திரெண்டு. நீச்சல் குளத்துல தொப்பி இல்லாம எறங்கக் கூடாது. நம்ம குளம் எங்க கீது சார்?"

பின்வரிசையில் இருந்து ஒருவர், "மழை வந்தா பார்க்கிங்கே குளம்தானே" என்றார்.

"டவர் எஃப் எது சார்? நாலு வருஷமா தேடுறேன்."

காகிதம் கைமாறியது. ஒவ்வொருவராகப் படித்தார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்ட பைலா, எல்லோரும் முதல்முறையாகப் படித்தார்கள். த்ரீ ஏ-வின் முகம் சுண்டிப்போனது. சிறுசேரிப் பக்கம் பெரிய குடியிருப்பு ஒன்றில் அவருடைய மைத்துனர் இருக்கிறாராம். அங்கிருந்து வாங்கியது. "மாடல் பைலாதான். எல்லா அசோசியேஷனும் அப்படித்தான் எடுப்பாங்க. நம்ம பேரை மாத்தினேன். மத்தது... டைம் இல்ல." முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர். எனக்கு ஒரு நிமிஷம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் விடவில்லை.

"இருந்தாலும் எழுதினது எழுதினதுதான். நீங்களும் சைன் பண்ணியிருக்கீங்க. அமெண்ட் பண்ற வரைக்கும் ரூல் ரூல்தான்."

"அப்ப நாப்பத்தஞ்சுல, குளத்துக்கு ஒரு உயிர்காக்கும் ஆளை சம்பளத்துக்கு வெக்கணும்னு கீது. என்னையே வெச்சுக்கங்க சார். எனக்கு நீச்சல் தெரியும்."

சிரிப்பு அடங்கியதும் ஃபோர் பி மேடம் பேசினார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என்னிடம் ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு லோடு வண்டி உள்ள நின்னா, வீடு பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? வேல்யூ குறைஞ்சிடும். நாளைக்கு இன்னொருத்தர் ஆட்டோ கொண்டுவருவார்."

பலர் தலையாட்டினார்கள். நிஜமான ரூல் இதுதான். நாற்பது பக்கத்தில் எங்கேயும் இது அச்சாகவில்லை. நீச்சல் குளத்தோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது.

அப்போது என் மனைவி எழுந்தாள். நாலு வருஷத்தில் எந்த மீட்டிங்கிலும் அவள் வாய் திறந்ததில்லை. கையில் வாழைக்காய் சீவும் கத்தி. "ரெண்டு பேட்டரி போச்சு. மூணாவது போனா இவரு என்னை இழுத்துக்கினு வேற வூடு பாக்கப் போவாரு. இதுவே எனக்குப் பதினெட்டாவது வூடு. பத்தொன்பதாவதுக்கு நான் வரமாட்டேன். இவரு போவாரு, நான் இங்க இருப்பேன், மோட்டார் சத்தத்தக் கேட்டுக்கினு. உங்க வேல்யூவுக்கு நான் புருஷன விடணுமா சொல்லுங்க. கை தூக்குறவங்க தூக்குங்க. எண்ணெ பொகையுது."

எண்ணெய் நிஜமாகவே புகைந்தது.

பிரசிடென்ட் தொண்டையைச் செருமினார். "த்ரீ ஏ சார், எனக்கு ஆறு வூடு. ஆறு கை தூக்கணுமா, ஒண்ணு போதுமா?"

"வீட்டுக்கு ஒரு ஓட்டு. ஆறுதான்."

"அப்ப ஆறா எழுதிக்கோ. தம்பி, போய் அடுப்பப் பாரு. கருகினா உன் ஓட்டுல ஒண்ண கழிச்சுடுவேன்."

த்ரீ ஏ எழுந்த கைகளை இரண்டு முறை எண்ணினார். தூக்கியவர்கள் அதிகம். ஃபோர் பி மேடம் தூக்கவில்லை. ஆனால் பஜ்ஜி நன்றாக இருந்தது என்று பிறகு வந்து சொன்னார், மிளகாய் பஜ்ஜி போடத் தெரியுமா என்றும் கேட்டார்.

ஓட்டில் ஜெயித்தால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடவேண்டும் என்றார்கள். பின்னால் எடுக்கும்போது வரும் பீப் சத்தத்தைத் துண்டிக்கவேண்டும் என்றார்கள். மஞ்சள் நம்பர் பிளேட் தெரியாதபடி சுவரைப் பார்த்து நிறுத்தவேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். வண்டிக்கு முன்னால் ஒரு பிளேட், பின்னால் ஒரு பிளேட் என்பதை அந்த இருபத்தாறு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதோடும் விடவில்லை. பைலாவைத் திருத்த ஒரு கமிட்டி போட்டார்கள். த்ரீ ஏ ஒருவர். இன்னொருவர் யார் என்று எல்லோரும் தரையைப் பார்த்தபோது பிரசிடென்ட் சொன்னார், "படிச்சது ஜி டூ ஒருத்தர்தானேப்பா."

எட்டாவது படித்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. த்ரீ ஏ வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறோம். அவர் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்வார். நான் தேவை, தேவையில்லை என்பேன். ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் அடிப்பார். நீச்சல் குளத்தை எடுக்க மட்டும் மூன்று ஞாயிறு ஆனது. "ஃப்யூச்சர்ல கட்டினா?" என்றார். எங்கே சார் கட்டுவது, செப்டிக் டேங்க் மேலயா என்று நான் கேட்டதும் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடினார். அவர் வீட்டம்மா காபி வைத்துவிட்டு, "இவர்கூட எப்படிங்க உக்காந்திருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார். அவர் காதில் விழத்தான் கேட்டார்.

இப்போது வண்டி உள்ளே நிற்கிறது. பேட்டரி இருக்கிறது. என் மனைவி கம்பெனியில் இருந்து வரும்போது வண்டியின் மேல் ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே வருகிறாள்.

போன வியாழக்கிழமை மேடவாக்கத்தில் இறக்கிவிட்டு வெயிலில் திரும்பினேன். பதினேழாம் நம்பரில் யாரோ ஒரு ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள், குறுக்கே, பூட்டி. ஹாரன் அடிக்கலாம் என்றால் ஹாரன் அடிக்கக்கூடாது என்று ரூல். வாட்ச்மேனைக் கூப்பிட்டால் அவர் சாப்பிடப் போயிருந்தார். கால் மணி நேரம் பார்த்தேன். இவ்வளவு போராடி வாங்கிய இடத்தில் எவனோ அலட்சியமாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். நாலு வருஷமாக எல்லோருடைய புலம்பலையும் படித்துத் திட்டிக்கொண்டிருந்த வாட்ஸப் குழுவில், ஒற்றை விரலால் என் முதல் செய்தியைத் தட்டினேன்: "17-ல் யார் ஸ்கூட்டர்? உடனே எடுக்கவும்."

ஏழு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஸ்கூட்டர் நகரவில்லை. த்ரீ ஏ போன் செய்தார்.

"ஜி டூ, இதுக்கு ஒரு ரூல் போட்டுடலாமா?"

"போடுங்க சார்" என்றேன். "நாப்பத்திரெண்டுல போடுங்க. குளம் இருந்த எடம் காலியாத்தான கீது."